எந்தத் தனிமம் சும்மா இருக்கும், எது பாய்ந்து சேரும்: டார்ச் பிடித்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிக் வெல்டிங் (டங்ஸ்டன் நுனியில் ஆர்க் அடித்து, உருகும் உலோகத்தை வாயுவால் போர்த்திக்கொண்டு செய்யும் வெல்டிங்) பழக வரும் தம்பிகள் சீக்கிரமே ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். "அண்ணே, நைட்ரஜனும் எரியாது, ஆர்கானும் எரியாது. காத்துல முக்கால்வாசி நைட்ரஜன்தான், விலையும் கம்மி. அப்புறம் எதுக்கு ஆர்கான் சிலிண்டரைத் தூக்கிட்டு அலையணும்?" நல்ல கேள்வி. "புரொசீஜர்ல அப்படித்தான் போட்டிருக்கு" என்று ஃபோர்மேன் சொல்வது இதற்குப் பதில் ஆகாது.

நான் சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கப்பல் யார்டில் வெல்டராகச் சேர்ந்து, இப்போது வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். பத்தாம் வகுப்பில் நாம் எல்லோரும் படித்த வேதியியலிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. அதை யார்டில் நம் கைக்கு எட்டும் பொருள்களை வைத்தே எப்படிக் கணிப்பது என்று இங்கே எழுதுகிறேன். பொறுமையாகப் படித்தால், பெயர் மட்டும் தெரிந்த ஒரு தனிமத்தைக்கூட அட்டவணையில் பார்த்து, அது சும்மா இருக்கிற ரகமா, பாய்ந்து சேர்கிற ரகமா என்று ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம்.

முதலில் இடத்தைப் பாருங்கள்

தனிம வரிசை அட்டவணை ஒன்றை ஃபோனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 118 பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கும் அணு எண், அந்த அணுவின் கருவில் எத்தனை புரோட்டான் என்று சொல்கிறது. அதே எண்ணிக்கையில்தான் எலக்ட்ரான்களும் கருவைச் சுற்றிக் கூடு கூடாக இருக்கின்றன. சோடியத்துக்கு 11. முதல் கூட்டில் 2, அடுத்ததில் 8, கடைசியில் 1. குளோரினுக்கு 17, அதாவது 2, 8, 7. ஆர்கானுக்கு 18, அதாவது 2, 8, 8.

அட்டவணையில் இரண்டு விஷயம் மட்டும் பார்க்கப் பழகுங்கள். எந்த நெடுவரிசையில் இருக்கிறது என்பது வெளிக்கூட்டில் எத்தனை எலக்ட்ரான் என்று சொல்லும். எத்தனையாவது கிடைவரிசை என்பது அந்த வெளிக்கூடு கருவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று சொல்லும்.

இடமிருந்து வலமாகப் போகப் போகக் கருவில் புரோட்டான் கூடுகிறது, ஆனால் கூடு அதேதான். எனவே வெளி எலக்ட்ரானை இழுத்துப் பிடிக்கும் பலம் ஏறுகிறது. ஒரு மோல் (அணுக்களை எண்ணும் ஓர் அளவு) அணுக்களிலிருந்து ஆளுக்கு ஓர் எலக்ட்ரானைப் பிய்த்து எடுக்கச் சோடியத்துக்கு 496 கிலோ ஜூல் போதும். குளோரினுக்கு 1251 வேண்டும். ஆர்கானுக்கு 1521. அடுத்த எண் பொட்டாசியம். அங்கே புதுக் கூடு ஆரம்பிக்கிறது, 419-க்கு இறங்கிவிடுகிறது. ஒரே ஒரு புரோட்டான் கூடியதற்கு இவ்வளவு பெரிய சரிவு. அட்டவணை முழுவதும் ஒவ்வொரு வரிசை முடிவிலும் இந்தச் சரிவு வரும். இதை மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மேலிருந்து கீழே போனால் பிடி தளரும். லித்தியம் 520, சோடியம் 496, பொட்டாசியம் 419, சீசியம் 376. அதனால்தான் லித்தியம் தண்ணீரில் நுரைத்துக்கொண்டு மிதக்கும், பொட்டாசியம் ஊதா நிறத்தில் தீப்பற்றும், சீசியம் வெடிக்கும். சீசியம் 28.5 டிகிரியில் உருகுவது. சிங்கப்பூரின் மத்தியான வெயிலில், ஏர்கான் இல்லாத அறையில் வைத்தால், கண்ணாடிக் குழாய்க்குள் அது திரவமாகத்தான் கிடக்கும்.

அப்புறம் வரவு செலவைப் போடுங்கள்

பள்ளிக்கூடத்தில் "சோடியம் எட்டு எலக்ட்ரான் வேண்டும் என்று ஆசைப்படுகிறது, அதனால் ஒன்றைக் கொடுத்துவிடுகிறது" என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அணுவுக்கு ஆசை கிடையாது. சோடியத்திடமிருந்து எலக்ட்ரானை எடுக்க 496 கிலோ ஜூல் நாம்தான் செலவழிக்க வேண்டும். சும்மா விட்டால் எந்தச் சோடியம் அணுவும் தன் எலக்ட்ரானைத் தூக்கி எறியாது. பிறகு எப்படி அது அவ்வளவு வேகமாக வினைபுரிகிறது?

ஊரில் நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டிச் சிங்கப்பூர் வந்த எவருக்கும் இந்தக் கணக்கு புரியும். முதலில் கைவிட்டுப் போகும் பணம் எவ்வளவு, பின்னால் சம்பளமாக வருவது எவ்வளவு என்று இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சாப்பாட்டு உப்பு உண்டாவதை அப்படியே கணக்குப் போடலாம்.

செலவு: கட்டியாக இருக்கும் சோடியத்தைத் தனித்தனி அணுவாக்க 107. குளோரின் இரண்டிரண்டாக ஒட்டியிருக்கிறது, அதில் ஒன்றைப் பிரிக்க 121. சோடியத்தின் எலக்ட்ரானை எடுக்க 496. மொத்தம் 724.

வரவு: அந்த எலக்ட்ரானைக் குளோரின் வாங்கிக்கொள்ளும்போது 349 வெளியே வருகிறது. நேர்மின் சோடியமும் எதிர்மின் குளோரினும் ஒன்றையொன்று இழுத்துப் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது 787 வருகிறது. மொத்தம் 1136.

மிச்சம் 412. இந்த மிச்சம்தான் வெப்பமாகவும் மஞ்சள் வெளிச்சமாகவும் வெளியே தெரிகிறது. குளோரின் எலக்ட்ரானை வாங்கிக்கொள்வதால் கிடைக்கும் 349 மட்டும் இருந்தால் கணக்கு நஷ்டத்தில்தான் முடிந்திருக்கும். பெரிய வரவு அந்த 787. தனிமத்தின் குணம் அதன் வெளிக்கூட்டில் மட்டும் இல்லை, சேர்ந்த பிறகு என்ன உண்டாகிறது என்பதிலும் இருக்கிறது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சரி, சோடியம் இரண்டாவது எலக்ட்ரானையும் கொடுத்தால் என்ன? அதற்கு 4562 கிலோ ஜூல் ஆகும். உள்கூட்டில், கருவுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பிடுங்க வேண்டுமே. எந்தப் படிகமும் அவ்வளவு வரவு தராது. எனவே சோடியம் எப்போதும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும்.

இப்போது ஆர்கானுக்குப் போடுங்கள். அது ஏற்கனவே தனித்தனி அணுவாகத் திரிகிறது, அந்த 107 செலவு இல்லை. ஆனால் எலக்ட்ரானை எடுக்க 1521, குளோரினைப் பிரிக்க 121, மொத்தம் 1642. உப்புக்குக் கிடைத்த அதே 1136 கிடைக்கும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 506 கைவிட்டுப் போகிறது. ஆர்கான் குளோரைடு என்று ஒன்று ஏன் கடையில் கிடைப்பதில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கணக்கை நம்பி ஒருவர் செய்த காரியம் வேதியியலையே திருப்பிப் போட்டது. நீல் பார்ட்லெட், கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்தார். பிளாட்டினம் ஹெக்ஸாஃப்ளூரைடு என்ற வாயு, ஆக்சிஜன் மூலக்கூறிடமிருந்தே எலக்ட்ரானைப் பறித்துவிடுவதை அவர் கண்டார். ஆக்சிஜன் மூலக்கூறின் எலக்ட்ரானை எடுக்க ஆகும் செலவும், மந்த வாயுவான செனானுக்கு ஆகும் 1170 கிலோ ஜூலும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் செனானும் மசியுமே என்று 1962-ல் இரண்டையும் கலந்தார், மசிந்தது. மந்த வாயுக்கள் எதோடும் சேராது என்று அதுவரை புத்தகங்களில் இருந்ததைத் திருத்த வேண்டியதாயிற்று. ஆர்கானைக்கூட 2000-ல் ஹெல்சிங்கியில், கடுங்குளிரில், ஒரு சேர்மமாகப் பிடித்துக் காட்டினார்கள். குளிர் குறைந்ததும் அது பிரிந்துவிடும். நம் வேலைக்கு ஆர்கான் சேராத வாயுதான், கவலை வேண்டாம்.

டார்ச்சுக்குள் நடப்பது

ஆரம்பக் கேள்விக்கு வருவோம். ஆர்கான் தன் எலக்ட்ரானை விடவே விடாது என்று நினைத்துவிடாதீர்கள். டங்ஸ்டன் நுனிக்கும் பைப்புக்கும் நடுவில் நீங்கள் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்கும் அந்த ஆர்க்கே எலக்ட்ரானை இழந்த ஆர்கான்தான். பத்தாயிரம் டிகிரிக்கு மேல் சூடு, மின்சாரம் அதன் வழியாகத்தான் பாய்கிறது. 1521 கிலோ ஜூல் செலவை வெல்டிங் மெஷின் கட்டிவிடுகிறது. ஆனால் பக்கத்தில் உருகிக் கிடக்கும் இரும்போடு சேர்ந்தால் ஆர்கானுக்கு வரவு ஒன்றும் இல்லை. எனவே ஆர்க்கை விட்டு வெளியே வந்து ஆறியதும் எலக்ட்ரானைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வந்தது போலவே போய்விடுகிறது.

நைட்ரஜன் கதை வேறு. அதன் வெளிக்கூட்டில் 5 எலக்ட்ரான். தனி நைட்ரஜன் அணு சும்மா இருக்கிற ரகமே இல்லை. காற்றில் அது அமைதியாக இருப்பதற்குக் காரணம், இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்பால் ஒன்றையொன்று கட்டிக்கொண்டிருப்பது. அந்தக் கட்டை அவிழ்க்க 945 கிலோ ஜூல் வேண்டும். ஆக்சிஜன் கட்டுக்கு 498 போதும், ஃப்ளூரினுக்கு வெறும் 158. நைட்ரஜனிடம் இருப்பது ஒரு நல்ல பூட்டு, அவ்வளவுதான். சாதாரணச் சூட்டில் அந்தப் பூட்டு திறக்காது. உரத் தொழிற்சாலையில் ஹேபர் முறையில் அதைத் திறக்க இரும்பு வினையூக்கி, 400 டிகிரிக்கு மேல் வெப்பம், 200 மடங்கு வளிமண்டல அழுத்தம் எல்லாம் தேவைப்படுகிறது. நம் ஆர்க்கின் சூட்டுக்கு முன் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. அங்கே நைட்ரஜன் உடைந்து, உருகிய எஃகில் கரைகிறது. எஃகு உறையும்போது அவ்வளவு நைட்ரஜன் உள்ளே இருக்க இடம் இல்லாமல் குமிழாக வெளியே வரப் பார்க்கும். வெல்டைக் கதிரால் படம் எடுக்கும் ஃபிலிமில் கறுப்புக் கறுப்பாகத் தெரியும் பொத்தல்களில் இதற்கும் பங்கு உண்டு.

ஆக, சும்மா இருப்பதில் இரண்டு ரகம். சேர்ந்தாலும் வரவு இல்லை என்பதால் சும்மா இருப்பது ஒன்று, ஆர்கான் மாதிரி. வரவு இருந்தும் முதல் செலவு கட்ட முடியாமல் சும்மா இருப்பது இன்னொன்று, நைட்ரஜன் மாதிரி. இரண்டாவது ரகத்தைச் சூடு காட்டினால் எழுப்பிவிடலாம். எந்தத் தனிமத்தைப் பற்றிக் கேட்டாலும் அது எந்த ரகம் என்று பாருங்கள். டார்ச்சிலிருந்து தள்ளியிருக்கும் இடத்தில், எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) பைப்பின் உள்ளே இருக்கும் காற்றை வாயுவால் வெளியே தள்ள, அதாவது பர்ஜ் செய்ய மட்டும், சில புரொசீஜர்களில் நைட்ரஜனை அனுமதிப்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். டைட்டானியத்துக்கு அதுவும் கூடாது. டைட்டானியம் நைட்ரஜனிலேயே எரியக்கூடிய உலோகம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எதோடும் சேராத வாயுவும் ஆளைக் கொல்லும். ஆர்கான் காற்றைவிடக் கிட்டத்தட்ட 1.4 மடங்கு கனம். டேங்கின் அடியில், பைப்பின் தாழ்ந்த வளைவில் குளம் போல் தேங்கி, ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். மணம் இல்லை, நிறம் இல்லை, தொண்டையும் எரியாது. மூச்சு முட்டுவது போலக்கூடத் தோன்றாமல் ஆள் சரிந்துவிடுவார். நல்ல காற்றில் கேஸ் மீட்டர் ஆக்சிஜன் 20.9 சதவீதம் காட்டும். 19.5-க்குக் கீழே இருந்தால் உள்ளே காலை வைக்காதீர்கள். மேலே மட்டும் அளந்துவிட்டு இறங்காதீர்கள், குழாயை இறக்கி நடுவிலும் அடியிலும் அளக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், மூச்சுக் கருவி இல்லாமல் பின்னாலேயே குதிக்காதீர்கள். இரண்டாவது ஆள் போவதும் அப்படித்தான்.

ஆக்சிஜன் சிலிண்டருக்கு நேர்மாறான எச்சரிக்கை. ரெகுலேட்டர் இறுக்கமாக இருக்கிறது என்று கிரீஸ் தடவாதீர்கள். அழுத்தமான ஆக்சிஜன் எண்ணெய்ப் பசையைப் பார்த்தால் தீப்பொறி இல்லாமலே பற்றும்.

தோலைக் கவனியுங்கள்

இடமும் கணக்கும் பார்த்தும் ஏமாந்துபோகும் இடம் இது. கணக்குப்படி அலுமினியம் பயங்கரமான உலோகம். ஆக்சிஜனோடு சேர்வதில் அதற்கு வரவு அள்ளிக் கொட்டுகிறது. ஆனாலும் சட்டி, ஏணி, ஜன்னல் சட்டம் எல்லாம் அதில்தான் செய்கிறோம். காற்றுப் பட்ட கணமே அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஓர் ஆக்சைடு தோல் உண்டாகி, கெட்டியாக ஒட்டிக்கொண்டு, உள்ளே இருப்பதற்கு ஆக்சிஜன் போகவிடாமல் அடைத்துவிடுகிறது. அதாவது அது வினைபுரிந்து முடித்த பிறகுதான் நம் கண்ணுக்கே வருகிறது.

இதை வெல்டர் கண்ணாலேயே பார்க்கலாம். அலுமினியத் துண்டில் டிசி கரண்டில் ஆர்க் அடித்துப் பாருங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகுவது. அதன் தோல் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே உலோகம் உருகித் தளதளவென்று ஆடும், மேலே சாம்பல் நிறத்தில் ஒரு சுருங்கிய படலம் பிடித்துக்கொண்டு, உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் கம்பியைச் சேரவிடாது. ஏசிக்கு மாற்றுங்கள். அரைச் சுற்றுக்கு ஒருமுறை கரண்ட் திசை மாறும்போது அந்தத் தோல் உடைபட்டுச் சிதறும். உருகிய உலோகக் குட்டையைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டை தோன்றி, நடுவே பளபளப்பாகத் திறக்கும். அந்தப் பளபளப்பு சுத்த அலுமினியம். ஆர்கான் போர்வையை விலக்கினால் அடுத்த நொடியே மங்கிவிடும்.

புளியும் உப்பும் அந்தத் தோலைக் கரைக்கும். டார்மில் (தொழிலாளர் விடுதியில்) புளிக்குழம்பை அலுமினியச் சட்டியிலேயே வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால், உள்ளே புள்ளி புள்ளியாக அரித்திருப்பது அதனால்தான்.

எஸ்எஸ் என்று நாம் சொல்லும் துருப்பிடிக்காத எஃகிலும் இதே வித்தைதான். இரும்பின் ஆக்சைடு உதிரும் தோல், அடைக்காது. குரோமியத்தின் ஆக்சைடு அடைக்கும். 10.5 சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருந்தால் தோல் முழுசாக மூடிவிடும். 304 என்ற எஸ்எஸ் ரகத்தில் சுமார் 18 சதவீதம் இருக்கிறது. ஆனால் வெல்ட் செய்த இடத்தில் உள்பக்கம் பர்ஜ் சரியாக இல்லையென்றால் குரோமியம் கருகிப் பொரிந்து, கறுப்பாகக் கரடு தட்டிவிடும். அந்த இடத்தில் தோல் போடக் குரோமியம் போதாது. கடல் தண்ணீர் போகும் பைப்பாக இருந்தால் குளோரைடு அங்கேதான் முதலில் ஓட்டை போடும். வெளியே மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக அழகாகப் போட்ட வெல்டை நான் ரிஜெக்ட் செய்யும்போது தம்பிகளுக்குக் கோபம் வருகிறது. போரோஸ்கோப்பில் (பைப்புக்குள் விட்டுப் பார்க்கும் கருவி) உள்பக்கத்தைக் காட்டியதும் பேசாமல் வெட்டிவிடுவார்கள்.

316எல் என்ற எஸ்எஸ் ரகப் பைப்புக்கு, எஃகில் எது எவ்வளவு என்று ஆலை தரும் மில் சர்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்கி ஒருமுறை படியுங்கள். கார்பன் 0.03 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். கார்பனும் குரோமியமும் சூட்டில் சேர்ந்து கார்பைடு ஆகும் என்பதால், குரோமியம் திருட்டுப் போகாமல் இருக்கக் கார்பனைக் குறைத்திருக்கிறார்கள். மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம், அது குளோரைடுக்குத் தடுப்பு. ஒவ்வொரு எண்ணும் எது எதோடு சேரும் என்ற பயத்தில் எழுதியது.

மிக் வெல்டிங்கில் உருகிச் சேரும் வயரிலும் இதைப் பார்க்கலாம். போர்வையாக விடும் கார்பன் டைஆக்சைடு ஆர்க்கில் உடைந்து ஆக்சிஜனை விடும். அது இரும்பைப் பிடிக்கும் முன் பிடித்துக்கொள்ள வயரில் சிலிக்கானும் மாங்கனீஸும் சேர்த்திருப்பார்கள். வெல்ட் மேல் அங்கங்கே பழுப்பாக, கண்ணாடிச் சில்லு போல ஒட்டியிருப்பதை வயர் பிரஷ்ஷால் தட்டி எடுப்போமே, அவைதான் வேலையை முடித்த சிலிக்கானும் மாங்கனீஸும்.

பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பாருங்கள்

அட்டவணையின் நடுவில் இருக்கும் இரும்பு, தாமிரம், துத்தநாகம் போன்றவற்றுக்கு இடத்தை வைத்து மட்டும் சொல்வது கடினம். அவற்றுக்கு வினைபடு வரிசையை மனப்பாடம் செய்துவிடுவதே நல்லது: பொட்டாசியம், சோடியம், கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, ஈயம், ஹைட்ரஜன், தாமிரம், வெள்ளி, தங்கம். மேலே இருப்பது எலக்ட்ரானை எளிதில் விடும். ஹைட்ரஜனுக்குக் கீழே இருப்பது சாதாரண அமிலத்தில் கரையாது. ஊரில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் கறுப்பு மட்டும் போய் விளக்கு அப்படியே மிஞ்சுவதற்குத் தாமிரம் ஹைட்ரஜனுக்குக் கீழே இருப்பது ஒரு முக்கியக் காரணம்.

இந்த வரிசையைக் கப்பல் யார்டு தினமும் பயன்படுத்துகிறது. கப்பல் ட்ரை டாக்கில் ஏறித் தண்ணீர் வடிந்ததும், பின்பக்கம் சுக்கான் ஓரமாகப் போய்ப் பாருங்கள். வரிசையாக வெல்ட் செய்து வைத்திருக்கும் ஜிங்க் (துத்தநாகம்) கட்டிகள் வெள்ளைப் பொருக்குப் பிடித்து, ஓரமெல்லாம் அரித்து, சிலவற்றில் நடுவே இருக்கும் இரும்புப் பட்டை மட்டும் மிஞ்சியிருக்கும். பக்கத்தில் ஹல், அதாவது கப்பலின் உடல் தகடு நன்றாக இருக்கும். துத்தநாகத்தின் மின்னழுத்தம் மைனஸ் 0.76 வோல்ட், இரும்புக்கு மைனஸ் 0.44. எவ்வளவு மைனஸோ அவ்வளவு எளிதில் எலக்ட்ரானை விடும். கடல் தண்ணீரில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் துத்தநாகம்தான் எலக்ட்ரானைக் கொடுத்துக் கரையும், இரும்பு தப்பிக்கும். பின்பக்கம் அதிகமாக வைப்பதற்குக் காரணம் புரொப்பெல்லர். அது தாமிரம் கலந்த வெண்கலம். பக்கத்தில் தாமிரம் இருந்தால் இரும்பு வேகமாக அரிக்கும்.

பெயிண்ட் அடிக்கும்போது ஆனோடை, அதாவது இந்த ஜிங்க் கட்டியை டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் ஸ்ப்ரே செய்ய வேண்டும். பெயிண்ட் பட்டால் அது கரையாது, அது கரையாவிட்டால் கப்பல் கரையும்.

இதை முதலில் செய்து பார்த்தவர் ஹம்ஃப்ரி டேவி. 1807-ல் மின்சாரத்தை வைத்துச் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவரும் அவரே. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் அடித்திருந்த தாமிரத் தகடு அரிப்பதைத் தடுக்க 1824-ல் இரும்பையும் துத்தநாகத்தையும் வைத்துப் பார்த்தார். தாமிரம் அரிப்பது நின்றது. ஆனால் தாமிரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கொண்டிருந்ததால்தான் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருந்திருக்கிறது. அது நின்றதும் அடிப்பகுதி முழுக்க உயிரினங்கள் ஒட்டிக் கப்பல்களின் வேகம் குறைந்தது. நியாயமான கணக்கு, ஆனால் தகட்டின் இன்னொரு வேலையை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஜிஐ (ஜிங்க் பூசிய இரும்பு) பைப்பை வெட்டும் முன் ஜிங்க் பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிடுங்கள். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் அன்று ராத்திரி குளிர்காய்ச்சல்தான்.

தங்கமும் டெஃப்லானும்

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நகைக்கடை முன்னால் நிற்கும்போது இதையும் நினைத்துப் பாருங்கள். தங்கத்தின் வெளிக்கூட்டில் சோடியம் மாதிரியே ஒரே ஓர் எலக்ட்ரான்தான். ஆனால் அதை எடுக்க 890 கிலோ ஜூல் ஆகும். கருவில் 79 புரோட்டான் இழுக்கிறது. உள்கூட்டு எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் ஓடுகின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவு எட்டிப் பார்த்து, வெளி எலக்ட்ரான்வரை உள்ளே இழுத்துச் சுருக்கிவிடுகிறது. அதனால் பிடி இறுகுகிறது. 916 நகையில் 91.6 சதவீதம்தான் தங்கம், மீதி தாமிரமும் வெள்ளியும். நகை கொஞ்சம் மங்கினால் மங்கியது அந்த மீதிதான்.

ஃப்ளூரின் இதற்கு நேரெதிர். அதன் கட்டு 158 கிலோ ஜூலில் அவிழும், எலக்ட்ரானை வாங்கினால் 328 தரும். கிட்டத்தட்ட எதையும் தாக்கும். 1886-ல் ஹென்றி மொய்சான் பிரித்தெடுக்கும்வரை பலர் அதில் காயப்பட்டார்கள். அந்த ஃப்ளூரின் கார்பனோடு சேர்ந்து கிடப்பதுதான் பைப் ஃபிட்டர் பையில் இருக்கும் வெள்ளை டெஃப்லான் டேப். அமிலம் தொடாது, காரம் தொடாது. பாய்ந்து சேரும்போது எவ்வளவு வரவோ, அவ்வளவும் திருப்பிக் கட்டினால்தான் பிரிக்க முடியும். எனவே அதிகம் பாயும் தனிமம் அதிகம் அசையாத பொருளில் போய் முடிகிறது.

கருவின் கணக்கு தனி

கடைசியாக ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இதுவரை சொன்னதெல்லாம் வெளி எலக்ட்ரான்களின் கதை. கதிரியக்கம் கருவின் கதை. இரண்டையும் கலக்கக்கூடாது.

ராத்திரி ஷிஃப்டில் வெல்டுக்குப் படம் எடுக்க என்டிடி (உடைக்காமல் சோதிக்கும்) ஆட்கள் கொண்டுவரும் பெட்டியில் பெரும்பாலும் இருப்பது இரிடியம் 192. இரிடியம் அரிப்பைத் தாங்குவதில் தலைசிறந்த உலோகங்களில் ஒன்று. தங்கத்தையே கரைக்கும் ராஜ திராவகத்தில்கூடக் கட்டி இரிடியம் அசையாது. ஆனால் 192 நிறை கொண்ட அதன் கருவில் 77 புரோட்டானும் 115 நியூட்ரானும் உள்ளன. அந்தக் கலவை நிலைத்து நிற்காது. கரு சிதைந்து காமாக் கதிரை வீசியபடி பெரும்பாலும் பிளாட்டினமாக மாறிக்கொண்டே இருக்கிறது. 74 நாளில் பாதி போய்விடும், ஆறு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக வந்துவிடும். ரேடானும் அப்படித்தான். ஆர்கானின் நெடுவரிசையில் கீழே இருக்கும் மந்த வாயு அது, ஆனால் நான்கு நாளுக்குள் பாதி காலி.

வேதிவினையின் வேகத்தைச் சூட்டால் கூட்டலாம், குளிரால் குறைக்கலாம். கருவின் வேகத்தை யார்டில் இருக்கும் எதைக் கொண்டும் மாற்ற முடியாது. உப்பாக மாற்றினாலும், உருக்கினாலும், அமிலத்தில் போட்டாலும் அதே 74 நாள்தான். ஆகவே நம் கையில் இருப்பவை மூன்றே: தூரம், நேரம், நடுவில் ஈயமோ கான்கிரீட்டோ. தூரத்தை இரண்டு மடங்காக்கினால் கதிர் நான்கில் ஒன்றாகக் குறையும். மஞ்சள் விளக்கு சுழன்று, கயிறு கட்டியிருந்தால், விட்டுப்போன ஹெல்மெட்டை எடுக்கக்கூட உள்ளே போகாதீர்கள். அவர்கள் சோர்ஸை, அதாவது அந்த இரிடியத்தைப் பெட்டிக்குள் இழுத்து, மீட்டரில் பார்த்து, கயிற்றை அவிழ்த்த பிறகு போய் எடுத்துக்கொள்ளலாம்.